கார்களுக்குத் தெரிந்தவர்

எங்கள் தெருவில் நடைபாதை உண்டு. அதில் கார்கள் நிற்கும். மனிதர்கள் நடுரோட்டில் நடப்பார்கள். மேடவாக்கம் பக்கம் வீடு வாங்குகிறவர்கள் முதலில் பழகிக்கொள்வது தண்ணீர் லாரியை. அடுத்தது இதை.

நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஸ்ரீ வைபவ் என்க்ளேவ் என்று பெயர். வைபவம் ஒன்றும் கிடையாது. நாற்பது வீட்டுக்கு இருபது கார் நிறுத்தத்தான் இடம் விட்டிருக்கிறார்கள். மிச்சக் கார்கள் தெருவில் நிற்கின்றன. இதன் சங்கச் செயலாளர் என் கணவர் தணிகாசலம். வங்கியில் உதவிப் பொது மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற விஷயம் வங்கிக்குத் தெரியும், அவருக்குத்தான் இன்னும் தெரியாது. காலையில் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டுக்கொண்டு லிஃப்ட்டைச் சோதனை போடக் கிளம்பிவிடுவார்.

எங்கள் கார் என் பெயரில் இருக்கிறது. அவர் ஜாதகத்தில் வாகன ஸ்தானத்தைச் சனி பார்க்கிறானாம். அதனால் ஓட்டுவது அவர், துடைக்கச் சொல்வது அவர், கீறல் விழுந்தால் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பதும் அவர். பதிவில் மட்டும் லோகநாயகி. இந்தச் சனியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் காரில் மாட்டும் கேமரா வண்டி ஓடும்போது பார்க்கும், நிறுத்தினால் தூங்கிவிடும். இப்போது வந்திருக்கிற ‘காவலன்’ நேர் எதிர். வண்டியை நிறுத்தினால்தான் விழித்துக்கொள்ளும். அதை மாட்டினால் காப்பீட்டில் சலுகை என்றதும் என் கணவர் சங்கக் கூட்டத்தைக் கூட்டிவிட்டார். கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்து விளக்கினான்.

“வண்டி நிக்கும்போதுதான் சார் ஆபத்தே. யாரு உரசறா, யாரு சாயறா, யாரு கீறிட்டுப் போறா, எல்லாத்தையும் காவலன் பார்க்கும். பார்த்துட்டு சும்மா இருக்காது. மத்த வண்டிங்களுக்கும் சொல்லிடும்.”

“வண்டிக்கு வண்டி பேசிக்குமா?” என்றார் சங்கத் தலைவர் கமலக்கண்ணன்.

“ஆமா சார். ஒரு வண்டிகிட்ட வம்பு பண்ணினவர் முகத்தை அந்த ஏரியா வண்டிங்க மொத்தமும் ஞாபகம் வச்சுக்கும். அவர் பக்கத்துல வந்தா முதல்ல மரியாதையா எச்சரிக்கும். கேக்கலேன்னா ஹாரன் அடிக்கும்.”

“நம்ம வீட்டு வேலைக்கு வர்றவங்களைப் பார்த்துக் கத்தினா?” என்று நான் கேட்டேன்.

“அதுக்கும் வழி இருக்கு மேடம். ஒரு வண்டிக்கு வருஷத்துக்கு ஒருத்தரை ‘இவர் எனக்குத் தெரிந்தவர்’னு ஓனர் போன்ல அழுத்திடலாம். அப்புறம் எந்த வண்டியும் அவங்களைப் பார்த்துக் கத்தாது. ஓனர்கூடவோ தெரிந்தவர்கூடவோ கைக்கெட்டற தூரத்துல நடந்து வந்தாலும் கத்தாது.”

“அந்தத் தெரிஞ்சவர் பின்னாடி ஏதாவது பண்ணி வச்சா?” என்றார் கமலக்கண்ணன்.

“உங்க சலுகை போயிடும் சார்.”

கூடத்தில் அத்தனை பேரும் கையிலிருந்த போனை உள்ளே வைத்துக்கொண்டார்கள். என் கணவர் எழுந்து பெல்ட்டை ஏற்றிவிட்டுக்கொண்டார். “கேமரா பொய் சொல்லாது. ஒழுங்கா இருக்கறவனுக்கு என்ன பயம்?” என்றார். கைதட்டினார்கள். மறுநாளே லிஃப்ட்டுக்குள் ஒரு சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. சங்க உறுப்பினர்கள் எவரும் எவரையும் தெரிந்தவராக அறிவிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். இப்படிக்கு, செயலாளர்.

முதலில் மாட்டிக்கொண்டது தேசம்மா.

தேசம்மா எங்கள் கேட்டுக்குப் பக்கத்தில் பூ விற்கிறவள். இந்தக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போதே அங்கே உட்கார்ந்திருந்தாள். நடைபாதையைக் கார்கள் பிடித்துக்கொண்ட பிறகு இரண்டு கார்களுக்கு நடுவில் சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டாள். அவளைப் பற்றி உயர்வாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. வாய் நீளம், முழம் குட்டை. அளக்கும்போது அவளுடைய கை எப்படியோ சுருங்கிவிடும். என் கணவர் தினமும் அவளோடு முழத்துக்குச் சண்டை போடுவார். ஆனால் அவர் நாக்பூரில் வேலையாக இருந்த காலத்தில் ஒரு நாள் நான் கேட்டருகே மயங்கி விழுந்தபோது, என் தலையை மடியில் தாங்கி முகத்தில் தண்ணீர் தெளித்தது இவள்தான். பூவுக்குத் தெளிக்கிற தண்ணீர். வீட்டுக்கு வந்த பிறகும் முகத்தில் மல்லிகை வாசம் போகவில்லை. எனக்கு அவளைப் பிடிக்கும், அவ்வளவுதான்.

அவளுக்கு மூட்டுவலி. எழுந்திருக்கும்போது பக்கத்துக் காரின் பானெட்டில் கையை ஊன்றித்தான் எழுவாள். காவலன் அதைப் பார்த்தது. தினம் தினம் வருகிறாள், வண்டியை ஒட்டி உட்காருகிறாள், வண்டியை அழுத்துகிறாள், தண்ணீர் தெளிக்கிறாள், கண்ணாடியில் குனிந்து எதையோ பார்க்கிறாள், சொந்த வண்டியும் இல்லை. இதற்குமேல் அதற்கு என்ன வேண்டும்?

ஒரு காலையில் இரண்டு கார்களும் ஒரே குரலில் பேசின. செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல். “அன்பரே, தயவுசெய்து விலகிச் செல்லவும்.”

தேசம்மா யாரையோ சொல்கிறது என்று நினைத்துக்கொண்டு கனகாம்பரத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் ஹாரன் அடித்தது. அவள் எழுந்து நகர்ந்தாள். அடுத்த கார் கத்தியது. அதற்கடுத்த கார் கத்தியது. தெரு முனை வரைக்கும் கார் காராகக் கத்தி அவளை வழியனுப்பி வைத்தன. பக்கத்துத் தெருவுக்குப் போனாள். அங்கேயும் காவலன்தான்.

சத்தம் தாங்கவில்லை என்று சங்கத்துக்குப் புகார் வந்தது. கத்தியது கார். புகார் தேசம்மாவின் மீது.

அவள் எனக்குப் போன் செய்தாள். “இன்னாம்மா அநியாயம் இது? நானு எவன் வண்டிய இன்னா பண்ணேன்? உக்காந்து பூ கட்டினு இருந்தது ஒரு குத்தமா?”

“வேற எங்கயாவது இடம் பார்த்தியா?”

“எங்கம்மா போறது? கார் நிக்காத தெரு எங்க கீது? சரி, பூ வேணாம், நாலு ஊட்டுல பாத்திரம் கழுவலாம்னு பார்த்தா, அதுக்கும் தெருவுல நடந்துதானே போவணும்? ஊட்ட உட்டு வெளியவே வர முடில. கொயந்தைங்க எல்லாம் கைகொட்டிச் சிரிக்குதுங்க.”

இரண்டு மூன்று நாள் நானே அவள் வீட்டுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்து கேட்டருகே உட்காரவைத்தேன். பக்கத்தில் நான் இருந்தவரை கார்கள் பேசாமல் இருந்தன. குழம்பு கொதிக்கிறதே என்று நான் மாடிக்கு ஏறியதும் ஆரம்பித்துவிட்டன. நாளெல்லாம் அவள் பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்திருக்க என்னால் ஆகுமா?

அன்று சாப்பாட்டு மேஜையில் பேச்சை எடுத்தேன். “ஏங்க, வண்டி என் பேர்லதானே இருக்கு. தேசம்மாவைத் தெரிஞ்சவள்னு அழுத்திடட்டுமா?”

அவர் சாம்பாரைப் பிசைவதை நிறுத்தினார். “லோகா, உனக்கு என்ன பைத்தியமா? செயலாளர் வீட்டுலயே சுற்றறிக்கையை மீறினா மத்தவன் மதிப்பானா? அவளை உனக்கு என்ன தெரியும்?”

“பள்ளிக்கரணைல வீடு. புருஷன் பேரு வேலு, ஓடிப்போயிட்டான். மூட்டுவலிக்கு எருக்கஞ்செடி இலை வச்சுக் கட்டறா. உங்க தலைவர் கமலக்கண்ணனோட சம்சாரம் பேரு என்ன, சொல்லுங்க பார்ப்போம்?”

அவர் யோசித்தார். தெரியவில்லை. தெரியாதபோது அவர் எப்போதும் குரலை உயர்த்துவார். “வருஷத்துக்கு ஒண்ணுதான். நாளைக்கு நம்ம ஆளுங்களுக்கு ஒரு அவசரம்னா என்ன பண்ணுவ? பூக்காரிக்குப் போய் வீணடிக்கறதா? முழத்துலயே ஏமாத்தறவ அவ!”

நான் ரசத்தை ஊற்றினேன். வெளியே தேசம்மா எதையோ எடுக்க வந்திருப்பாள் போலிருக்கிறது, ஹாரன் சத்தம் கேட்டது. அவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து சாப்பிட்டார்.

ஆயுத பூஜை வந்தது. தேசம்மா வருஷம் பூராவும் காத்திருப்பது அந்த வியாபாரத்துக்குத்தான். அவள் வராததால் பூவைப் போனில் ஆர்டர் செய்தோம். பெட்டிக்குள் வெந்துபோன கீரை மாதிரி வந்தது.

மற்ற வருஷங்களில் அவரவர் வண்டிக்கு அவரவர் பொட்டு வைத்து எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு போவார்கள். இந்த வருஷம் என் கணவருக்கு ஒரு யோசனை. பொதுப் பூஜையாகச் செய்ய வேண்டும், எல்லா வண்டிக்கும் செயலாளர் கையால் ஆரத்தி. காவலாளி பூசணிக்காயைத் தூக்க வந்தபோது கூட “நீ தள்ளு” என்று வாங்கிக்கொண்டார். முதல் மரியாதையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, வரிசையாக நின்ற முப்பத்தெட்டுக் கார்களுக்கும் அவரே செய்தார். பானெட்டைச் சுற்றிக் கற்பூரம் காட்டினார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். நம்பர் பலகைக்குப் பொட்டு, ஸ்டீயரிங்குக்குப் பொட்டு. அதோடு விட்டிருக்கலாம்.

“ஆயுதத்துக்குத்தானே பூஜை? இப்ப நம்ம ஆயுதம் எது? காவலன்தான்!” என்றார். எல்லாரும் சிரித்துத் தலையாட்டினார்கள். சந்தனத்தைக் கட்டைவிரலால் வழித்து ஒவ்வொரு காருக்குள்ளும் குனிந்து, கேமராவின் கண்ணில் தாராளமாக அப்பி, மேலே குங்குமம் வைத்தார். முப்பத்தெட்டுக் கண்ணிலும் வைத்தார். வெளியே பார்க்கிற கண் போனாலும் உள்ளே பார்க்கிற கண் ஒன்று காவலனுக்கு உண்டு. அவர் முகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது அது. கடைசியாகத் தெரு நடுவில் நின்று, பூசணிக்காயைத் தலைக்குமேல் தூக்கி, கண்ணை உருட்டிக்கொண்டு ஓங்கி உடைத்தார். வண்டி எடுக்க இடமில்லாமல் எதிர் வரிசையில் நின்ற பக்கத்துக் கட்டடத்துக் கார்கள் அதைக் கண் திறந்து பார்த்தன.

விஜயதசமி காலையில் நடைப்பயிற்சிக்குக் கிளம்பினார். நான் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

“அன்பரே, தயவுசெய்து விலகிச் செல்லவும்” என்றது முதல் கார்.

அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை. “எவனோ இருந்திருக்கான், ஓடிட்டான்” என்று காவலாளியிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு நடந்தார். இரண்டாவது கார் சொன்னது. மூன்றாவது கார் சொல்லாமலே ஹாரன் அடித்தது. பிறகு தெருவே சேர்ந்து அடித்தது. மனிதர் அத்தனை வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. ஒரு செருப்பு வழியிலேயே கிடந்தது. அதை எடுக்கப் போன காவலாளியைக் கார்கள் ஒன்றும் சொல்லவில்லை.

மூச்சு வாங்கிக்கொண்டே கம்பெனிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

“சார், நேத்து ஒரு நபர் முப்பத்தெட்டு வண்டிக்குள்ள நுழைஞ்சு கேமராவைக் குருடாக்கியிருக்கார். வண்டிங்க முன்னாடி தீ வச்சிருக்கார். சக்கரத்துக்கு அடியில உருண்டையா ஏதோ பொருள் வச்சிருக்கார். ஒரு கனமான பொருளைத் தூக்கிப்போட்டு உடைச்சிருக்கார். அது நீங்கதான் சார்.”

“அம்மா, அது சந்தனம்மா! பூஜை!”

“தெரியும் சார். எங்க வீட்டுலயும்தான் பூஜை. எங்கப்பாவும் வச்சாரு.”

“அப்ப அவரைப் பார்த்து மட்டும் ஏன் கத்தலை?”

“அவர் எங்க வண்டிக்கு மட்டும்தானே வச்சார். சொந்த வண்டியை என்ன பண்ணினாலும் காவலன் கேக்காது சார். நீங்க ஊரார் வண்டிக்கெல்லாம் வச்சிருக்கீங்களே.”

“நான் செயலாளர்மா!”

“அந்த விவரம் எல்லாம் காவலனுக்குத் தெரியாது சார்.”

“சரி, பூஜைதான்னு நீங்க சொல்லி எடுத்துவிடுங்க.”

“சொல்லியிருக்கோம் சார். காவலனுக்கு புரோகிராம் எழுதினவங்க ஊர்ல பூசணிக்காயைச் சமைக்கத்தான் செய்வாங்களாம். ரோட்டுல ஏன் உடைக்கணும்னு விளக்கம் கேட்டிருக்காங்க. நாங்களும் எழுதிக்கிட்டிருக்கோம். இப்போதைக்கு யாராவது ஒரு ஓனர் உங்களைத் தெரிந்தவர்னு சொல்லணும். நீங்க எங்க கேமராவை நம்பினதுக்கு நன்றி.”

அவர் நேராகக் கமலக்கண்ணன் வீட்டுக்குப் போனார். நல்லவேளை, அவர் எங்கள் மாடியிலேயே இருக்கிறார், நடுவில் கார் கிடையாது. கதவு திறந்திருந்ததால் பேச்சு எனக்கும் கேட்டது.

“உங்களை எனக்குத் தெரியாதா தணிகாசலம்? பன்னெண்டு வருஷமாப் பார்க்கறேன். ஆனா லிஃப்ட்ல நீங்களே ஒட்டியிருக்கீங்களே சார். நான் மீறினா நல்லா இருக்குமா?”

“அதை நானே கிழிச்சிடறேன்.”

“அதுக்குத் தீர்மானம் போடணுமே. அடுத்த பொதுக்குழு தை மாசம்தானே?”

இன்னும் நாலு வீட்டுக் கதவைத் தட்டினார். எல்லாரும் காபி கொடுத்தார்கள். அழுத்தத்தான் யாருக்கும் விரல் வரவில்லை. நேற்று அவர் கையால் ஆரத்தி வாங்கியவர்கள்தான் அத்தனை பேரும்.

திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்தவர், சட்டென்று முகம் மலர்ந்தார். “லோகா! வண்டி உன் பேர்லதானே இருக்கு! அன்னிக்கே சொன்னேன் பார்த்தியா, அவசரத்துக்கு வச்சுக்கணும்னு. அந்தப் பூக்காரிக்குப் போட்டிருந்தா இப்ப என் கதி என்ன? எடு போனை.”

எடுத்தேன். திரையில் அவருடைய படம் ஏற்கெனவே வந்திருந்தது. பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு, கண்கள் பிதுங்க, நாக்கைக் கடித்தபடி நிற்கிறார். கீழே ஒரு கேள்வி: ‘லோகநாயகி அவர்களே, இவரை உங்களுக்குத் தெரியுமா?’

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. இந்தக் கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்கு உண்மையாகவே யோசிக்க வேண்டியிருந்தது. எந்தப் பக்கம் படுத்தால் குறட்டை வரும் என்று தெரியும். எதற்குக் குரலை உயர்த்துவார் என்று தெரியும். ஒருத்தியைத் தெருவே சேர்ந்து துரத்துகிற சத்தம் கேட்கும்போது எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து ரசம் சாப்பிடுவார் என்பது மட்டும் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அது நினைவுக்கு வந்ததும் எனக்குக் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது.

“என்ன யோசனை? அழுத்து.”

அழுத்தினேன். ‘நன்றி. தெரிந்தவர் பதிவு செய்யப்பட்டார்’ என்றது போன். அவர் நிம்மதியாக மூச்சுவிட்டுப் பெல்ட்டைத் தேடினார்.

“உங்க படத்தைத் தள்ளிட்டு அடுத்து வந்த தேசம்மாவுக்கு அழுத்திட்டேன்” என்றேன்.

அவருக்குப் புரிய நேரமாயிற்று. விளையாடுகிறேனோ என்று என் முகத்தைப் பார்த்தார். நான் விளையாடவில்லை.

“அப்ப நான் எப்படி வெளிய போறது லோகா?”

“யார் கூடயாவது கைக்கெட்டற தூரத்துல போகலாமே. அந்தப் பையன் சொன்னானே.”

“நீ வாயேன்.”

“விடியக்காலைல எழுந்து நடக்க என்னால ஆகாது. எனக்கும் மூட்டுவலி. தேசம்மா கோயம்பேட்டுலருந்து பூ வாங்கிட்டு அந்த நேரத்துக்குத்தான் பஸ் ஸ்டாப்ல இறங்குவா. கேட்டுப் பாருங்க.”

இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே உலாத்தினார். ஹாலிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து ஹால். மூன்றாம் நாள் தேசம்மாவை நானே மேலே வரச்சொன்னேன். அவள் வாசலில் நின்று விஷயத்தைக் கேட்டுவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு வார்த்தை சாபம் கொடுப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

“அதுக்கின்னா, வரட்டும். கூடைய யாராச்சும் தூக்கினா எனக்கும் முட்டி நோவாது” என்றாள்.

இப்போது தினமும் காலையில் அவர் கேட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு ஆட்டோவில் போய்விடுகிறார், திரும்பி வருவதை நான் பால்கனியில் நின்று பார்க்கிறேன். தேசம்மா விந்தி விந்தி நடந்து வருகிறாள். பக்கத்திலேயே, முழங்கை இடிக்கிற மாதிரி, ஓய்வு பெற்ற உதவிப் பொது மேலாளர் பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கிற கார்கள் பார்த்துக்கொண்டு நிற்கின்றன, ஒன்றும் சொல்வதில்லை. காவலன் இப்போது எனக்குத் தினமும் ஒரு செய்தி அனுப்புகிறது: ‘உங்கள் தெரிந்தவர் தேசம்மா நலமாக வந்து சேர்ந்தார். உடன் ஒரு நபர்.’

நேற்று கேட்டருகே அவர் கூடையை இறக்கி வைத்ததும், பழக்கதோஷத்தில், அவள் அளந்து காட்டிய முழத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“என்ன இது, இது ஒரு முழமா?”

தேசம்மா சாக்கை எடுத்துக்கொண்டு இரண்டு கார் தள்ளிப்போய் நின்றாள்.

“அன்பரே” என்று ஆரம்பித்தது பக்கத்தில் நின்ற கார்.

அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டார். அவள் பானெட்டில் ஒரு கையை ஊன்றி நிதானமாக உட்கார்ந்து, எனக்காக ஒரு முழம் அளந்து அறுத்துக் கொடுத்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் குட்டையாகவே இருந்தது. அவர் வாங்கிக்கொண்டு, “சரிம்மா” என்றார்.